மோட்டார்மேன் கேபினில் ஒருமுறை போக முடியுமா? (கடற்கரை – தாம்பரம்)

குரோம்பேட்டை_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. வாரம் இரண்டு தடவை குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் அவனைக் கூட்டிப் போகிறேன். எந்த வண்டி வந்தாலும் முன்பெட்டிக்குத்தான் ஓடுவான். ஏறியதும் கோடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவான். "சுவருக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்பா?" என்று ஆறு மாதமாகக் கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை, நானும் பார்த்ததில்லை.

டிரைவர் பக்கத்தில் நின்று ஒரே ஒரு தடவை, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை போக வழி உண்டா? கடிதம் எழுதினால் அனுமதி தருவார்களா? கட்டணம் என்றாலும் கட்டத் தயார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாம்பலம்_சீசன்

முடியாது சார். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156. கூரை, படிக்கட்டு, ஃபுட்போர்டு, இன்ஜின், பயணிகளுக்கு என்று ஒதுக்காத வேறு எந்த இடமானாலும், எச்சரித்த பிறகும் அங்கே பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஃபுட்போர்டில் தொங்குவதும் இன்ஜினில் ஏறுவதும் ஒரே பிரிவில் வருகின்றன என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பெரம்பூர்_மருமகன்

சட்டம் சரி. ஆனால் நான் போயிருக்கிறேன்! 1996, எனக்குப் பத்து வயது. மாமா மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) வண்டியில் மோட்டார்மேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை என்னை உள்ளே நிறுத்திக்கொண்டார். அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தரையே இல்லாததுபோல் இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஊர் பக்கவாட்டில் ஓடும், இங்கே ஊர் நம்மை நோக்கி வரும். திரிசூலத்தில் இடது பக்கம் மலை, வலது பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம், நடுவில் நான். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த இரண்டு தண்டவாளமும் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் போய்த் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள் அண்ணா. குழந்தை என்றால் யாராவது மனம் இரங்குவார்கள்.

மீட்டர்கேஜ்_மோட்டார்மேன்

கூட்ஸ், பாசஞ்சர் எல்லாம் ஓட்டிவிட்டு 1990-களில் எலெக்ட்ரிக் யூனிட்டுக்கு, அதாவது மின்சார லோக்கல் வண்டிக்கு, வந்தவன் நான். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பெரம்பூர் தம்பிக்கு. உங்கள் மாமா உங்கள்மேல் உள்ள பிரியத்தில் செய்தார், புரிகிறது. அந்தக் காலத்தில் அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் தயவுசெய்து யாரையும் போய்க் கேட்கச் சொல்லாதீர்கள். குழந்தையைப் பார்த்து மனம் இரங்குகிற மோட்டார்மேனின் வேலைதான் போகும். வேலையை விடுங்கள், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

கேபினில் மோட்டார்மேன் ஒரே ஆள். நெடுந்தூர வண்டி இன்ஜினில் லோகோ பைலட்டுக்குப் பக்கத்தில் உதவி லோகோ பைலட் இருப்பார். இரண்டு ஜோடிக் கண், சிக்னலைப் பார்த்து ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். எங்களுக்கு அது கிடையாது. இன்னொரு ஆள், கார்டு, பன்னிரண்டு பெட்டி தள்ளிக் கடைசியில் இருக்கிறார். 2022 ஜனவரியிலிருந்து அவரை ட்ரெயின் மேனேஜர் என்கிறார்கள், எனக்குக் கார்டு என்றுதான் வாயில் வருகிறது. அவரும் நானும் மணியில்தான் பேசிக்கொள்வோம். இரண்டு மணி அடித்தால் கிளம்பலாம்.

உட்கார்ந்ததும் ஒரு கை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாஸ்டர் கன்ட்ரோலர் கைப்பிடியில். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'டெட் மேன்' என்று அதற்குப் பெயர். ஓட்டுகிறவருக்கு மயக்கம் வந்து கை தளர்ந்தால் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் அறுந்து வண்டி தானாகப் பிரேக் பிடித்துக்கொள்ளும். புதிதாக வந்தபோது சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசையவே உள்ளங்கை வலிக்கும். அப்புறம் பழகிவிட்டது. இன்னொரு கை பிரேக்கில். மூக்கு அரித்தால்கூட எந்தக் கையை எடுப்பது என்று யோசித்துத்தான் சொறிய வேண்டும்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 18 ஸ்டேஷன். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நாட்ச் கொடுத்து (கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பி), வேகம் எடுத்து, பவரை எடுத்துவிட்டு உருளவிட்டு, பிரேக் பிடித்து, போர்டு பார்த்து நிறுத்த வேண்டும். பிளாட்பாரத்தில் 9, 12 என்று எழுதிய சின்னப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பெட்டி வண்டி 250 மீட்டருக்குக் குறையாது. 12 போர்டைத் தாண்டி நின்றால் முன்பெட்டிக்காரர் ஜல்லியில்தான் இறங்குவார், முன்னாலேயே நின்றால் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே மாட்டிக்கொள்ளும். ஒரு ட்ரிப்பில் பதினேழு தடவை இந்தப் பரீட்சை.

இதற்கு நடுவில் பக்கத்தில் நிற்கிற குழந்தை "தாத்தா, அது என்ன?" என்று கேட்டால் நான் திரும்பாமல் இருப்பேனா? திரும்புவேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்பதற்குச் சில நூறு மீட்டர் வேண்டும்.

கேபினில் வெளியாள் கூடாது என்று இத்தனை கடுமையாகச் சொல்வதற்கு இன்னொரு காரணத்தை இந்த ஊரே பார்த்திருக்கிறது. 2009 ஏப்ரல் 29, விடியற்காலை. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் ஸ்டேஷனில் பயணிகளோடு நின்ற யூனிட்டை யாரோ ஒரு வெளியாள் கிளப்பிக்கொண்டு போய் வியாசர்பாடி ஜீவாவில் கூட்ஸ் வண்டிமேல் மோதினார். நான்கு உயிர். அதற்குப் பிறகு எந்த மோட்டார்மேனும் கேபின் கதவை அலட்சியமாகத் திறந்து போட்டிருக்க மாட்டார்.

குரோம்பேட்டை_அப்பா

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. அந்த 2009 விபத்தை மறந்தே போயிருந்தேன். கேட்கவே கூடாது என்று இப்போது புரிகிறது. அவனிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பெரம்பூர்_மருமகன்

மன்னிக்கவும் ஐயா. மாமா இறந்து நான்கு வருடம் ஆகிறது, அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சைதாப்பேட்டையில் "அங்க நில்லு, எதையும் தொடாதே" என்றார். அப்புறம் தாம்பரத்தில் "இறங்கு" என்றார். கோபமாக இருக்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மீட்டர்கேஜ்_மோட்டார்மேன்

கோபம் இல்லை தம்பி. பயந்திருப்பார்.

சிக்னல்_பொறியாளர்

நான் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறேன். அனுமதியோடு கேபினில் போகிற சிலரில் ஒருத்தி என்பதால் என் பங்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன். இதை ஃபுட்பிளேட் இன்ஸ்பெக்‌ஷன் என்போம். கையில் அதற்கான அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும், என்ன பார்க்கப் போகிறோம் என்ற வேலையும் இருக்க வேண்டும். பாதைப் பிரிவுக்காரர்கள் தண்டவாளத்தின் ஓட்டத்தைப் பார்க்க வருவார்கள், மின்பாதைப் பிரிவினர் மேலே ஓடும் கம்பியைப் பார்க்க வருவார்கள், நாங்கள் சிக்னல் எங்கிருந்து தெரிகிறது என்று பார்க்கப் போவோம்.

சிக்னல் தெரிகிறதா என்பதைத் தரையில் நின்று பார்த்தால் போதாது. ஓடுகிற வண்டியில், மோட்டார்மேனின் கண் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே வருவோம். நேர்பாதையில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் அதிகபட்சம் 72 மீட்டர். எந்தக் கம்பத்தில் விளக்கு கண்ணில் பட்டது, எந்தக் கம்பத்தில் மறைந்தது என்று எழுதிக்கொண்டால் தூரம் வந்துவிடும்.

ஒரு தடவை ஒரு வளைவில் ஒரு வேப்பங்கிளை. கீழே இருந்து பார்த்தபோது சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேபினிலிருந்து பார்த்தால் சரியாக மஞ்சள் விளக்கின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் தெரியும், நின்றால் தெரியாது. அந்த வழியில் தினமும் போகிற மோட்டார்மேனிடம் கேட்டேன். "நாலு நாளாத்தான் மேடம், நானே எழுதிக் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார். கிளை எப்போது அந்த அளவுக்கு வளர்ந்தது என்று நாள் கணக்கு வைத்திருந்தார். மறுநாள் வெட்டிவிட்டோம்.

தானியங்கி சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும். பச்சை என்றால் முன்னால் போதுமான இடம் காலி. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்தது ஒற்றை மஞ்சளாக இருக்கலாம். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்ததில் நிற்கத் தயாராகு. கம்பத்தில் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அது முழுக்க வண்டிகளே மாற்றுகிற சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர் கை அதில் இல்லை. அது சிவப்பாக இருந்தால் மோட்டார்மேன் நின்று, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, அப்போதும் மாறாவிட்டால் மிக மெதுவாக, எந்த நொடியும் நிற்கத் தயாராக நகரலாம். கூட்ட நேரத்தில் கிண்டிக்கு முன்னால் வண்டி நின்று, ஊர்ந்து, மறுபடி நின்றால் எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். முன்னால் இருப்பவர் அந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கலாம்.

சானடோரியம்_தினப்பயணி

நல்ல இழை. ஒரு சந்தேகம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வண்டிகளில் விளக்கும் ஃபேனும் சில வினாடி அணைந்து மறுபடி வருகின்றனவே, அது கோளாறா?

சிக்னல்_பொறியாளர்

கோளாறு இல்லை. நியூட்ரல் செக்‌ஷன். மேலே 25,000 வோல்ட் கம்பிக்கு மின்சாரம் தருகிற பக்கத்துப் பக்கத்துத் துணை மின்நிலையங்கள் வேறு வேறு ஃபேஸில் இருக்கும். இரண்டும் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதால் நடுவில் கொஞ்ச தூரம் மின்சாரமே இல்லாத கம்பி. 500 மீட்டர், 250 மீட்டர் முன்னால் பலகை இருக்கும். அங்கே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வண்டி வந்த வேகத்திலேயே அதைத் தாண்டிப் போகும். தாண்டியதும் மறுபடி போடுவார்கள்.

மாம்பலம்_சீசன்

ஒரு மாற்றுக் கருத்து. மோட்டார்மேனுக்கு இடைஞ்சல் இல்லாமல் முன்பக்கக் காட்சியை மக்களுக்குக் காட்ட வழியா இல்லை? கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கண்ணாடிச் சன்னல் வைத்துக் கட்டலாமே. லண்டன் டாக்லேண்ட்ஸ் ரயிலில் ஓட்டுநர் அறையே கிடையாது, 1987-லிருந்து முதல் வரிசையில் பயணிகள்தான் உட்காருகிறார்கள். நம் மெட்ரோ இரண்டாம் கட்டத்திலும் ஓட்டுநர் இல்லாத வண்டிதான். குரோம்பேட்டை சாரின் மகன் பெரியவனாவதற்குள் முன்சன்னலில் நின்று பார்த்துவிடுவான்.

மீட்டர்கேஜ்_மோட்டார்மேன்

மெட்ரோவில் பார்க்கட்டும், சந்தோஷம். அங்கே பாதை தூணுக்கு மேலேயோ பூமிக்குக் கீழேயோ போகிறது. குறுக்கே யாரும் வர முடியாது. நம் பாதையில் கண்ணாடி வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சாயங்காலம் கிண்டியைத் தாண்டினால் பாதை தென்மேற்கே திரும்பும். ஐந்தரை மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில். கையால் மறைக்க முடியாது, இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன. அந்தக் கூச்சத்துக்கு நடுவில், தண்டவாளத்தில் கறுப்பாக ஏதோ அசையும். ஆளா, நாயா, காற்றில் பறக்கிற பையா என்று தெரியாது. ஹார்னை அழுத்திக்கொண்டே பிரேக்கைப் பிடிப்போம். பத்துத் தடவையில் ஒன்பது தடவை, கடைசி நொடியில் ஒரு பெண்ணோ பையனோ குதித்து ஓடிவிடுவார்கள். திரும்பிச் சிரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அது முடிந்துவிட்டது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

பத்தாவது தடவையைப் பற்றி ஒன்றே ஒன்று. பல்லாவரம் தாண்டி ஒருவர் போனில் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார். நான் ஹார்ன் அடித்தேன். பக்கத்துப் பாதையில் எதிர் வண்டி வந்துகொண்டிருந்தது, அதன் ஹார்ன் என்று நினைத்து அந்தப் பக்கமே பார்த்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா செருகியிருந்தார். அந்தப் பேனா இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. கார்டுக்குச் சொல்லி, ஸ்டேஷனுக்குச் சொல்லி, எல்லாம் முடிந்தபின் மறுபடி அதே சீட்டில் உட்கார்ந்து தாம்பரம் வரை நானேதான் ஓட்டினேன். பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வண்டி ஏன் நின்றது என்றே தெரியாது. வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை.

முன்சன்னலில் தெரிவது பாலமும் மலையும் மட்டும் இல்லை. அதை ஒரு பெட்டி ஜனமும் பார்க்க வேண்டாம், ஒன்பது வயதுக் குழந்தை கண்டிப்பாகப் பார்க்க வேண்டாம்.

சானடோரியம்_தினப்பயணி

ஐயா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குரோம்பேட்டை பக்கம் நானே பல நாள் பாதையைக் குறுக்கே கடந்திருக்கிறேன். படிக்கட்டு ஏறி இறங்கினால் ஐந்து நிமிடம் கூடுதல் என்று ஒரு கணக்கு. இனி கடக்க மாட்டேன். கூட வேலை பார்க்கிற மூன்று பேருக்கு உங்கள் பதிவை அப்படியே அனுப்பினேன்.

மாம்பலம்_சீசன்

கண்ணாடி யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

2018 ஜூலை 24 பரங்கிமலை விபத்தன்று அந்த வண்டிக்கு இரண்டு வண்டி பின்னால் நான் வந்தேன். ஃபுட்போர்டில் தொங்கியவர்கள் பிளாட்பார ஓரத் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தார்கள். அந்த வண்டியை ஓட்டியவரைப் பற்றி இன்றுதான் முதல் தடவையாக நினைக்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து ஓடுகிற ஏ.சி. லோக்கலில் கதவு தானாக மூடிக்கொள்கிறது. எல்லா வண்டியிலும் அது வர வேண்டும்.

மீட்டர்கேஜ்_மோட்டார்மேன்

கனமாக முடிக்க விருப்பமில்லை. குரோம்பேட்டை தம்பி, பையனைக் கடற்கரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள். ஞாயிறு காலை, கூட்டம் இல்லாத நேரம். தாம்பரம் போகிற வண்டி நிற்கும்போது பிளாட்பாரத்தின் தெற்குக் கோடி வரை நடந்து போங்கள், ஓரத்துக்குப் போக வேண்டாம். வந்த வண்டியே திரும்பிப் போகும், முன்னால் இருந்தது பின்னால் ஆகிவிடும். மோட்டார்மேன் வந்து உட்காருவதையும், கண்ணாடியைத் துடைப்பதையும், பிரேக்கைச் சோதித்துப் பார்ப்பதையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். காற்று 'உஸ்' என்று இறங்கும். இந்தப் பாதையில் 1931-லிருந்து மின்சார வண்டி ஓடுகிறது என்றும் சொல்லுங்கள். அப்போது மீட்டர் கேஜ், 1500 வோல்ட் டி.சி. நான் ஓட்டிய மீட்டர் கேஜ் வண்டி 2004 ஜூலையோடு நின்றது.

அப்புறம் பெரம்பூரில் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்தில் இருக்கிற ரயில் மியூசியத்துக்கும் போங்கள். பழைய இன்ஜின்கள் நிற்கின்றன. என்றைக்காவது டெல்லி போனால் தேசிய ரயில் மியூசியத்தில் சிமுலேட்டரே இருக்கிறது.

குரோம்பேட்டை_அப்பா

போய் வந்தோம் ஐயா. இன்று காலை ஒரு மணி நேரம் கடற்கரையிலேயே நின்றோம், நான்கு வண்டி பார்த்தான். உஸ் சத்தம் கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தான். நான்காவது வண்டியின் மோட்டார்மேனுக்குக் கையசைத்தான். அவர் இவன் பக்கம் திரும்பவேயில்லை, நேரே முன்னால் பார்த்தபடி இருந்தார். வண்டி போனதும் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

மீட்டர்கேஜ்_மோட்டார்மேன்

வாட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளம்புகிற நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டார்ட்டர் சிக்னலை, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் இருக்கும். அது மாறினால்தான், கார்டு இரண்டு மணி அடித்தால்தான் கை அசையும். பையன் அதைக் கவனித்தானா என்று கேளுங்கள்.

குரோம்பேட்டை_அப்பா

கேட்டேன் ஐயா. "முதல்ல சிவப்பு, அப்புறம் ஒரே ஒரு மஞ்சள்ப்பா. அடுத்ததுல நிக்கத் தயாரா இருக்கணும்" என்றான்.